கீழ் வீட்டில் யாரும் இல்லை

1

இந்த டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சுமதி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு சிறு தட்டு. அதில் கற்கண்டும் குங்குமமும். மகளின் முதல் பிறந்தநாளுக்கு அழைக்க வந்திருந்தாள். அவள் குடியிருப்பது எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. மாடிப்படியில் எதிர்ப்படும்போது சொல்லியிருக்கலாம், தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தாரிடம் நல்ல காரியத்துக்கு வீடு தேடி வந்து சொல்வதுதான் முறை. அதுவும் கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டும். சுமதி தனியாக வந்திருந்தாள்.

"அக்கா, அண்ணை, கட்டாயம் வரவேணும். நித்யாவும். வாற கிழமை, சனிக்கிழமை பின்னேரம். பெரிசா ஒண்டும் இல்லை, ஒரு கேக் வெட்டுறம், அவ்வளவுதான்."

"ஜெகன் வரலையாம்மா?" என்று என் மனைவி வசந்தி கேட்டாள்.

"அவருக்கு வேலை அக்கா." கற்கண்டுத் தட்டை வசந்தியிடம் நீட்டினாள். "வேலை எண்டது பொய். பெரியம்மா வீட்டுக்குச் சொல்லக்கூடாதாம். அவவை விட்டிட்டு ஊருக்கெல்லாம் சொல்ல எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு எண்டன். கோவிச்சுக்கொண்டு படுத்திருக்கிறார்."

ஜெகன் சுமதியின் கணவன். பெரியம்மா என்பவர் சுமதியின் அம்மாவுக்கு அக்கா. சுமதியைப் பருத்தித்துறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த ஊருக்கு வரவழைத்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள தன் வீட்டில் வைத்திருந்து, ஜெகனுக்குக் கட்டிக்கொடுத்தவர். போன ஜனவரியிலிருந்து ஜெகன் அந்த அம்மாளோடு பேசுவதில்லை. காரணம் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரணத்தில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை.

2

சென்னையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்று ஒரு பகுதி. பெயர் சொல்லி முடிப்பதற்குள் பேருந்து போய்விடும் என்பதால் எல்லோரும் என்.டி.ஜி. என்கிறார்கள். செங்கல் கட்டடம், மூன்று தளம், லிஃப்ட் இல்லை. மூன்றாம் தளத்தில் நாங்கள். இரண்டாம் தளத்தில் சுமதியும் ஜெகனும். முதல் தளத்தில் மன்னாரிலிருந்து வந்த பிலோமினா அக்காவும் அவர் குடும்பமும். மற்ற வீடுகளில் வேறு நாட்டவர்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் போர்த்துக்கல் நாட்டு மதாம் ரோசா.

வசந்தி மருத்துவர். ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுப்பவள். அவளுக்கு வேலை கிடைத்ததால் வந்தோம். நான் சென்னையில் ஒரு மாலை நாளிதழின் செய்தி மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன். இங்கே ஒரு நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போடுகிறேன். எங்கள் மகள் நித்யாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளியில் பிரெஞ்சு, தோழிகளோடு ஆங்கிலம், எங்களோடு அவசரமான தமிழ். அவள் கோபப்படும் மொழி பிரெஞ்சாக மாறியபோது எங்களுக்குக் கொஞ்சம் துக்கமாக இருந்தது. திட்டுவது புரியாமல் போனால் சமாதானம் செய்வது எப்படி?

என் பிரெஞ்சு அரசாங்க வகுப்பில் கற்றது. அதில் எனக்குத் தடையில்லாமல் வரும் ஒரே சொல் 'வீ'. ஆம் என்று பொருள். கேள்வி பாதி புரிந்தாலும் 'வீ' சொன்னால் அதிகாரி புன்னகைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். இல்லை என்று சொன்னால் காரணம் சொல்லவேண்டியிருக்கும். அதற்கு இலக்கணம் வேண்டும்.

போன டிசம்பரில் சுமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மதுரா என்று பெயர். மருத்துவமனையிலிருந்து வந்த வாரம், பேட்டைச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு தாதி வீடு பார்க்க வந்தார். மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று தாதி கேட்டார். சுமதி கட்டிலில் சாய்ந்தபடி வரிசையாகச் சொன்னாள்: "கீழ பிலோமினா அக்கா இருக்கிறா, சரக்குக் காய்ச்சித் தாறவ. மேல டொக்டர் அக்கா. பார்க் எக்ஸ்டென்ஷனில பெரியம்மா. இவர் இருக்கிறார். எனக்கென்ன குறை?" நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்கு மசாலாச் சரக்குகளை அரைத்துக் காய்ச்சிக் கொடுப்பதையும் விளக்கினேன். தாதிக்கு மிகவும் மகிழ்ச்சி. இவ்வளவு பேர் உள்ள வீட்டை இந்தத் தெருவில் பார்த்ததில்லை என்று சொல்லி, இனி வரத் தேவையில்லை என்று முடிவு செய்து போனார்.

3

ஜனவரி முதல் வாரத்தில் மழை பெய்தது. இங்கே அந்த மாதத்தில் பனி பெய்யும், மழை பெய்யாது. பெய்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரக்கிளை, மின்கம்பி, கார்க் கண்ணாடி, வாசற்படி எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தடிப்புக்குப் பளிங்கு. முதல் நாள் அழகாக இருந்தது. இரண்டாம் நாள் மரங்கள் முறியத் தொடங்கின. வேட்டுச் சத்தம் போல ஒன்று, பிறகு கண்ணாடிக் கடையே சரிந்தது போல ஒன்று. அன்று மாலை மின்சாரம் போயிற்று. இங்கே மின்சாரம் போனால் விளக்கு மட்டும் போவதில்லை. அடுப்பும் வீட்டுச் சூடும் சேர்ந்து போகும்.

வசந்தி மருத்துவமனையிலேயே தங்கிவிட்டாள். எங்களுடையது பழைய சுருள் கம்பித் தொலைபேசி என்பதால் அது வேலை செய்தது. மாலையில் அழைப்பாள். "சாப்பிட்டீங்களா? நித்யா ஸ்வெட்டர் போட்டிருக்காளா? சாயங்காலம் விளக்கேத்திடுங்க. மார்கழி மாசம், விட்டுடாதீங்க." எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விளக்கேற்றினேன், வசந்தி செய்வது போலவே மணியும் அடித்தேன். இருட்டு வீட்டில் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது நன்றாகவே இருந்தது.

பிலோமினா அக்கா குடும்பத்தோடு மாதா கோயில் மண்டபத்துக்குப் போவதற்கு முன் மேலே வந்து எங்களையும் அழைத்தார். மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தது. "பிறகு வர்றோம்" என்றேன். "சுமதி?" என்று கேட்டேன் என்றுதான் நினைவு.

"நேற்றுப் பின்னேரம் வாசலில ஒரு வேன் நிண்டது. பெரியம்மாட பெடியள் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பாங்கள். பச்சை உடம்புக்காரியை விடுவினமே?"

எனக்கும் அது சரியென்று பட்டது. தினமும் மாலையில் தரை வழியாகக் குழந்தையின் அழுகை எங்களுக்குக் கேட்கும். இரண்டு நாளாகக் கேட்கவில்லை.

மறுநாள் காலை மதாம் ரோசாவும் இரண்டு ராணுவ வீரர்களும் வந்தார்கள். நகரத்துக்கு உதவ ராணுவத்தை இறக்கியிருந்தார்கள். சூடில்லாத வீடுகளில் யாரும் தங்கக்கூடாது என்று கதவு கதவாகத் தட்டினார்கள். கீழ்த்தளத்தில் தட்டிவிட்டு எங்களிடம் வந்த வீரனுக்கு இருபது வயது இருக்கும். மூக்கு சிவந்திருந்தது. கீழ் வீட்டைக் காட்டி, எல்லோரும் போய்விட்டார்களா என்று கேட்டான். கேள்வி முழுதாகவே புரிந்தது.

"வீ," என்றேன்.

அவன் இறங்கிப்போய்ச் சுமதி வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டான். ஆள் இல்லாத வீடு என்று அடையாளம்.

அன்று பிற்பகல் நித்யாவும் நானும் பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினோம். மாடிப்படிப் பாதையில் ஜன்னல் கிடையாது. பகலிலும் கும்மிருட்டு. டார்ச்சின் மின்கலத்தைச் சேமிக்க அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து இறங்கினோம். அணைத்திருந்ததால்தான் தெரிந்தது. நித்யா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, அங்க லைட்."

பெருக்கல் குறி போட்ட கதவின் அடியில் மெல்லிய மஞ்சள் கோடு. மெழுகுவர்த்தி வெளிச்சம், ஆடியது.

4

"சுமதி, நான்தான். மேல் வீட்டு அண்ணா."

கதவு கொஞ்சம் திறந்தது. ஜெகனின் குளிர் மேலங்கியைப் போட்டிருந்தாள். அது முழங்கால் வரை தொங்கியது. முன்பக்க ஜிப் பாதி வரை ஏறியிருந்தது. அதற்குள் குழந்தையின் தலை. என்னைக் கண்டதும் பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணை, தள்ளி நில்லுங்கோ. துடக்கு. முப்பத்தொண்டு இன்னும் முடியேல்லை."

நாம் தீட்டு என்பதை அவர்கள் துடக்கு என்கிறார்கள். பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் வரை அந்த வீட்டுக்கு உண்டு. அதுவரை தாயும் பிள்ளையும் படி தாண்டுவதில்லை; கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தப் படி ஏறுவதும் இல்லை. ஊரில் அது நல்ல ஏற்பாடாக இருந்திருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத ஓய்வு, குழந்தைக்குக் கூட்டத்திலிருந்து விடுதலை. ஊரில் வேலிக்கு அப்பால் அம்மா இருப்பாள்.

பேசும்போது எங்கள் மூன்று பேர் மூச்சும் புகையாக வந்தது. குழந்தை அழவில்லை. கண் மூடியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. மேலே ஓடி வசந்தியை அழைத்தேன். நல்ல வேளை, கிடைத்தாள்.

"ஒடம்பு கலர் எப்படி இருக்கு? சரி, பதறாதீங்க. ஈரத் துணியெல்லாம் கழட்டிட்டு அம்மா நெஞ்சோட நெஞ்சா வெச்சு, மேல கம்பளி சுத்தணும். தலைக்குக் குல்லா. நித்யாவை உள்ள அனுப்புங்க, நீங்க வெளிய நில்லுங்க. சூடான எடத்துக்கு உடனே கொண்டு போங்க. அழுதா நல்லது, கேட்டுதா? அழுதா பயப்படாதீங்க."

நித்யா உள்ளே போனாள். என்னோடு தமிழில் பேச அலுத்துக்கொள்கிற பெண், உள்ளே "அக்கா, கையைத் தூக்குங்க, இப்படி, இப்படி" என்று சொல்வது கேட்டது. பிறகு நாங்கள் நடந்தோம். பனிச்சறுக்குக் கோலை ஊன்றி, எங்கே வழுக்கும் எங்கே வழுக்காது என்று பார்த்துக்கொண்டு நித்யா முன்னால் போனாள். நான் சுமதியின் தோளைப் பிடித்திருந்தேன். பாதித் தெருவில் குழந்தை வீறிட்டது. நித்யா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு குழந்தை அழுததற்காக அப்படி யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

மண்டபத்தில் பிலோமினா அக்கா கரண்டியோடு நின்றவர் எங்களைப் பார்த்ததும், "மாதாவே, இவள் போகேல்லையே?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. குழந்தையை வாங்கித் தன் மகளின் போர்வைக்குள் வைத்தார்.

இரவு சுமதியே சொன்னாள். அவள் வீட்டில் இருந்தது கம்பியில்லாத தொலைபேசி. மின்சாரம் போனதும் அதுவும் போயிற்று. அப்போதிலிருந்து பிள்ளையை மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்திருந்ததால் அதன் அழுகையும் வெளியே கேட்கவில்லை. ராணுவ வீரர்கள் தட்டியபோது விழித்துத்தான் இருந்தாள்.

"கதவுத் துவாரத்துக்குள்ளால பாத்தன் அண்ணை. பச்சை உடுப்பு, சப்பாத்து. இது கனடா எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை தன்ர பாட்டில பிள்ளையிட வாயைப் பொத்திட்டுது."

"மேல வந்திருக்கலாமேம்மா?"

"ரெண்டு தரம் வெளிக்கிட்டனான். ரெண்டு தரமும் உங்கட வீட்டு மணி கேட்டுது. சாமிக்கு வைக்கிற நேரத்தில துடக்கோட எப்பிடிப் படியேறுறது? நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியள். டொக்டர் அக்கா மனசுக்குள்ள நினைப்பாவோ எண்டுதான்."

நித்யா அருகில் இருந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்: "அந்த ஆர்மிக்காரன் கேட்டப்போ, நீங்க கீழ போய்ப் பார்த்திருந்தீங்களா?" இல்லை என்றேன். "அப்ப ஏன் வீ சொன்னீங்க?"

5

ஜெகன் ஆற்றுக்கு அப்பால் பாண், அதாவது ரொட்டி, செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பனிக்கட்டி பெயர்ந்து விழுகிறதென்று பாலங்களை மூடியதால் அங்கேயே மாட்டிக்கொண்டான். பாலம் திறந்து அவன் வந்து சேர்ந்தபோது குழந்தை நலமாக இருந்தது. ஆனாலும் விஷயம் தெரிந்ததும் சுவரில் கையால் ஓங்கி அடித்தான். அன்றே பெரியம்மா வீட்டோடு உறவு முடிந்தது என்று சொல்லிவிட்டான். பிறகு ஒரு நாள் என்னிடம் மேலே வந்தான்.

"அண்ணை, நீங்கள் பேப்பரில இருந்த ஆள். நாலு பேரை விசாரிச்சு உண்மை எழுதினனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ, ஆர்ட பிழை?"

நான் விசாரிக்கிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய தொழில் புத்தி. சந்திக்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்.

பிலோமினா அக்கா கோயில் வாசலில் சொன்னார்: "பெரியம்மா அருமையான மனுசி. சொந்தப் பிள்ளை மாதிரி வளத்தவ. அவ வந்து கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பா எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை. வேன் ஆருடையதோ தெரியாது. நான்தான் பெரியம்மாட வேனாக்கிப் போட்டன்."

வசந்தி சொன்னாள்: "நீங்க மேலயே இருக்கீங்களே, பார்த்துப்பீங்கன்னு நெனச்சேன். போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

ஜெகன் தொழிற்சாலையிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறான். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. எடுக்காததால், வீட்டில் இல்லை, பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டாள் என்று நிம்மதி அடைந்திருக்கிறான்.

நான் என்ன நினைத்தேன்? தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாகிய எங்களுக்கு இங்கே ஈழத்தமிழர்களைப் பற்றி ஒரு தீர்மானம் உண்டு. அவர்கள் ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். விமான நிலையத்துக்குப் போக ஒருவர் என்றால் பத்துப் பேர் வருவார்கள். நாங்கள்தான் தனித்தனித் தீவு. இதை நான் பல விருந்துகளில் பாராட்டாகவே சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கும் எங்களைப் பற்றி ஒரு தீர்மானம் இருந்தது: படித்த ஆட்கள், டாக்டர் வீடு, பக்கத்தில் ஒரு பிள்ளை பெற்றவளைப் பார்க்காமல் விடுவார்களா?

செய்தி மேசையில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம், கெட்ட எண்ணத்தோடு சொல்லப்படும் தகவலை இரண்டு முறை சரிபார் என்பது. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதை ஒரு முறைகூட நாங்கள் சரிபார்த்ததில்லை. அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் யாரும் யாரைப் பற்றியும் மோசமாக நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரை உயர்வாக நினைத்தோம். நினைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். ஒருவரைப் பற்றி மோசமாக நினைத்திருந்தால் யாராவது எழுந்து போய்ப் பார்த்திருப்போம்.

ஜெகனிடம் இதைச் சொல்லவில்லை. அவன் கேட்டது ஒரு பெயர். என்னிடம் அப்படி ஒற்றைப் பெயர் இல்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

6

பிறந்தநாளுக்கு முந்தின புதன்கிழமை சுமதி என்னைக் கேட்டாள். "அண்ணை, பார்க் எக்ஸ்டென்ஷனுக்குக் காரில கூட்டிக்கொண்டு போறியளோ? பெரியம்மாவுக்குச் சொல்லவேணும். பிள்ளையோட மெட்ரோவில ஏறி இறங்கக் கஷ்டம்." ஜெகனுக்குத் தெரியுமா என்றேன். "சொல்லிப்போட்டுத்தான் வாறன். ஒளிச்சுப் போக நான் என்ன களவெடுக்கவா போறன்?" என்றாள்.

பெரியம்மாவின் வீடும் மூன்றாம் தளம்தான். படியெல்லாம் தாளிதம் மணக்கும். கதவைத் திறந்தவர் சுமதியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு எங்களை மறந்து உள்ளே போய்விட்டார். நாங்களாக உட்கார்ந்தோம். திரும்பி வந்தபோது கண் துடைத்த அடையாளம் இருந்தது. குரல் மட்டும் கறாராக இருந்தது.

"ஒரு வருசத்துக்குப் பிறகு வழி தெரிஞ்சுதோ?"

"நீங்களும் வரேல்லைத்தானே பெரியம்மா."

"என்னெண்டு வாறது? உன்ர மனுசன் போனில கதைச்ச கதை அப்பிடி." என் பக்கம் திரும்பினார். "கேளுங்கோ தம்பி. மார்கழிப் பூசை. விடியக் குளிச்சுக் கோயில் மடப்பள்ளியில பொங்கிறது நான். துடக்கு வீட்டுக்குப் போயிட்டு அந்த அடுப்படிக்குள்ள போகலாமோ? மேல டொக்டர் இருக்கிறா, கீழ அந்த வேதக்காரப் பிள்ளை இருக்கிறா, தங்கமான சனம், எனக்கென்ன பயம் எண்டு இருந்திட்டன். ஒரு சொல்லு, 'பெரியம்மா வாங்கோ' எண்டு ஒரு சொல்லு வந்திருந்தால் சாமியையும் விட்டிட்டு ஓடி வந்திருப்பன்."

"போன் செத்துப்போச்சு எண்டு எத்தினை தரம் சொல்லுறது? அப்ப சொன்னாத்தான் வருவியளோ?" சுமதியின் குரல் உயர்ந்தது. குழந்தை முகம் சுளித்தது. அவள் தணிந்தாள். "நானும்தான் சொல்லேல்லை. மேல படியேறிச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சின்னப்பிள்ளையே? எனக்கும் வாய் இருந்தது, கால் இருந்தது. இவர் எல்லாரையும் குற்றம் சொல்லுறார். என்னை மட்டும் ஒண்டும் சொல்லமாட்டார். எனக்கு அதுதான் பெரியம்மா வெக்கமாக் கிடக்கு. என்னையும் ஒரு ஆளாக் கணக்கெடுக்கேல்லைத்தானே?"

பெரியம்மா குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டார்.

"சரி. தேத்தண்ணி குடியுங்கோ."

"சனிக்கிழமை வருவியளோ?"

"அவன் வந்து கேக்கட்டும். வாறன்."

"பெரியம்மா..."

"புருசன் இல்லாமல் நீ வந்து சொன்னது முறையில்லை. அவன் வரட்டும்." பிறகு அடுக்களைக்குள் போய், எலுமிச்சை ஊறுகாயும் பருத்தித்துறை வடையும் பொதி செய்து எடுத்து வந்து, "இது உனக்கு இல்லை, தம்பியிட வீட்டுக்கு," என்று என்னிடம் கொடுத்தார். காரில் வரும்போது சுமதி பொதியைப் பிரித்துப் பாதி வடையைத் தின்றாள்.

7

சனிக்கிழமை மாலை கீழ் வீட்டில் இருபது பேர் இருந்தோம். தலைவாசலில் கழற்றிப் போட்ட பனிச் சப்பாத்துகள் ஒரு குவியல். நித்யா மதுராவைத் தரையில் உட்காரவைத்துப் பிரெஞ்சில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அது கை தட்டியது. "இதுவும் பிரெஞ்சுக்காரியாப் போகப்போகுது," என்று பிலோமினா அக்கா சொல்ல, "போகட்டும் ஆன்ட்டி, கேக் எங்க?" என்றாள் நித்யா.

அடுக்களையில் ஜெகன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். அவன் எண்ணெயைப் பார்த்தபடியே கேட்டான்.

"சுமதி பெரியம்மா வீட்டுக்குப் போனதும் உங்களோடதான். ஒரு வருசமாக் கேக்கிறன், நீங்கள் சொல்லேல்லை. ஆர்ட பிழை அண்ணை?"

"கீழ யாரும் இல்லைன்னு ஆர்மிக்காரங்ககிட்ட சொன்னது நான்தான் ஜெகன். பார்க்காம சொன்னேன்."

"அது தெரியும். சுமதி சொன்னவள். உங்களை நான் ஒண்டும் சொல்லேல்லையே. நீங்கள் பிறத்தி ஆள். பெரியம்மா எங்கட ஆள்."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். எனக்கு அது உறைத்தது. மன்னிக்கப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கணக்கிலேயே வரவில்லை.

"பிறத்தி ஆளா? உன் பொண்டாட்டியும் புள்ளையும் ரெண்டு நாள் என் காலுக்குக் கீழ குளிர்ல இருந்தாங்கப்பா. இதைவிடக் கிட்ட யாரு இருந்தா? பெயர் வேணும்னு கேட்டியே, என் பெயரை மொதல்ல எழுது. அப்புறம் மத்தவங்களைப் பார்க்கலாம்."

ஜெகன் அடுப்பை அணைத்தான். ரோல்ஸை ஒவ்வொன்றாகத் தாளில் எடுத்து வைத்தான். எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகுதான் பேசினான்.

"பாலம் பூட்டுறதுக்கு முந்தி ஒரு கார் வெளிக்கிட்டது அண்ணை. எங்களோட வேலை செய்யிற வியட்நாம்காரன். வா, இடம் இருக்கு எண்டவன். போர்மன் வந்து, சனம் எல்லாம் மண்டபங்களில கிடக்குது, பாண் வேணும், ஆர் நிப்பீங்கள் எண்டு கேட்டான். நான் கையைத் தூக்கினன். பெரியம்மா பாப்பா எண்டு நினைச்சன். நினைச்சிட்டுக் கையைத் தூக்கினன்." "இது சுமதிக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் வாசலில் நின்ற சுமதி. "அந்த வியட்நாம்காரன்ர மனிசி வளைகாப்புக்கு வந்தவ, இவரை ஏத்தேல்லை எண்டு மனவருத்தப்பட்டுப் பிறகு எனக்குப் போன் எடுத்தவ. நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

அவள் பின்னால் பிலோமினா அக்கா எட்டிப் பார்த்தார். "இஞ்ச என்ன, பாவசங்கீர்த்தனமோ? எண்டால் சாமியாரைக் கூப்பிடுறன். இல்லையெண்டால் வெளிய வாங்கோ, பிள்ளைக்கு நித்திரை வருது, கேக் வெட்டவேணும்."

ஜெகன் மனைவியைப் பார்த்தான். பிறகு கார்ச் சாவியை எடுத்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, "கேக்கை வெட்டாதையுங்கோ. வாறன்," என்று இறங்கிப் போனான். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

வெகுநேரம் காத்திருந்தோம். மதுரா நித்யாவின் மடியிலேயே தூங்கிவிட்டது. ரோல்ஸ் தீர்ந்தது. ஜன்னலருகே நின்ற வசந்தி, "வந்தாச்சு," என்றாள்.

கீழே பார்த்தேன். வாசற்படியில் அன்று காலை உருகியது மறுபடி உறைந்திருந்தது. பெரியம்மா பட்டுச் சேலைக்கு மேல் கனத்த மேலங்கி போட்டு, முதல் படியில் கால் வைக்கத் தயங்கி நின்றார். ஜெகன் ஒரு படி மேலே நின்று கையை நீட்டினான். அவர் அதைப் பிடிக்காமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். கால் வழுக்கியது. ஜெகன் இறங்கி அவர் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் கண்ணாடிக்கு இப்பாலும் அவர் குரல் கேட்டது.

"விடடா, நான் வருவன். எனக்குத் தெரியாதே நடக்க?"

"தெரியும். பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

இருவரும் ஒரு படிக்கு ஒரு படி நின்று நின்று ஏறினார்கள். உள்ளே வந்த பெரியம்மா யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே நித்யாவிடம் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தூங்கும் பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். சுமதி மெழுகுவர்த்தி குத்திய கேக்கைக் கொண்டுவந்து வைத்து, பிள்ளையின் கன்னத்தைத் தட்டி எழுப்பப் போனாள்.

"எழுப்பாதை," என்றார் பெரியம்மா. "கிடக்கட்டும். நான் இருக்கிறன்."

அன்று கேக் வெட்டவில்லை. கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் வெளியே வந்தோம்.